வேதியியல் ஆய்வை விட்டு அறிவியல் செய்தி எழுதப் போகலாமா? பெங்களூர்க்காரர்கள் சொல்லுங்கள்

வீழ்படிவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் கரிம வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். ஐந்தாவது வருடம். கடைசி அத்தியாயமும், இரண்டு சேர்மங்களின் கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆர் அளவீடும்தான் பாக்கி. லேபில் எல்லோரும் அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் மனசு வேறு பக்கம் போகிறது.

அது எந்த நாளில் ஆரம்பித்தது என்றுகூட எனக்குத் தெரியும். 2025 அக்டோபரில் கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் அறிவித்தார்களே, அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஆலையில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவர். "டிவியில சொன்னாங்க, அது என்னம்மா?" என்றார். உலோக அணுக்களை முடிச்சாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பியாகவும் வைத்துக் கட்டின சட்டகம் அப்பா, உள்ளே எல்லாம் காலி இடம், சில கிராம் பொடிக்குள் இருக்கிற பரப்பை விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு வரும், அந்தக் காலி இடத்தில் வாயுவையோ காற்றிலிருக்கும் ஈரத்தையோ பிடித்து வைக்கலாம் என்று சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பிடிக்கிறது சரி. பிடிச்சதை எப்படி வெளியே எடுப்பாங்க? தோல்ல குரோம் ஏறிட்டா லேசுல இறங்காது. இதுவும் அப்படித்தானா?"

அந்தத் துறையில் ராப்பகலாக உழைப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற கேள்வி அதுதான். யாகியின் குழு அரிசோனா பாலைவனத்தில் இரவுக் காற்றிலிருந்து பிடித்த ஈரத்தைக் காலை வெயிலில் சூடேற்றித்தான் தண்ணீராக இறக்கியது. அதைச் சொன்னதும் அப்பா "அப்ப சரி" என்றார். அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைத்த சந்தோஷம் என் முதல் ஆய்வுப் பேப்பர் வெளிவந்தபோதுகூடக் கிடைக்கவில்லை.

இதையே வேலையாகச் செய்ய முடியுமா? ஆய்வுகளைப் பற்றி எழுதுவது, நிருபர் வேலை, எதுவானாலும் சரி. இப்போது மாதம் 42,000 ரூபாய் ஃபெல்லோஷிப், கூடவே வீட்டு வாடகைப் படி. அது சில மாதத்தில் நின்றுவிடும். கைடிடம் லேசாகச் சொன்னேன். "ஐந்து வருடத்தை வீணாக்கப் போகிறாயா?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

---

பீன்யா_க்யூசி எழுதியது:

தங்கச்சி, எனக்கு 52 வயது. மருந்துக் கம்பெனி, பெயின்ட் கம்பெனி என்று இருபத்தெட்டு வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போகாதீர்கள். ஜிகணி, பொம்மசந்திரா பக்கம் உங்கள் படிப்புக்கு வேலை இருக்கிறது. பிஎஃப் இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும். எழுத வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள். அப்பா தோல் ஆலையில் நின்று படிக்க வைத்திருக்கிறார். வீட்டுக்கு முதலில் ஒரு நிலையான சம்பளம் வரட்டும்.

இன்னொன்று. நாளிதழில் வரும் அறிவியல் செய்தியில் அளவு சரியாக இருந்து நான் பார்த்ததே அபூர்வம். ஒரு கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது என்று போடுவார்கள். எவ்வளவு என்று போட மாட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குள் போய் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

---

நீலலிட்மஸ் எழுதியது:

நான் பதினொரு வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். கனிம வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு வந்தவள். பீன்யா அண்ணன் சொன்னதில் பணம் பற்றிய பகுதி உண்மை. அதை முதலில் பேசிவிடுவோம்.

என் முதல் கட்டுரைக்கு 3,000 ரூபாய். கைக்கு வந்தது நாலு மாதம் கழித்து, அதுவும் ஏழு மின்னஞ்சல் எழுதிய பிறகு. முதல் இரண்டு வருடம் காலையில் ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்தும் வேலை, ராத்திரி எழுத்து. மல்லேஸ்வரத்தில் இரண்டு தோழிகளோடு ஒரு வீட்டில் இருந்ததால் சமாளித்தேன். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு இருந்திருந்தால் முடிந்திருக்காது. இதை மறைத்துவிட்டு உங்களை வா என்று கூப்பிட எனக்கு மனசு வராது.

ஆனால் வழி ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் இருப்பது ஒரு வசதி. இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி) போன்ற பெரிய நிறுவனங்களில் தகவல் தொடர்புக்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. அங்கே ஆய்வாளரிடம் பேசி அவர் பேப்பரை மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதுவதுதான் வேலை, மாதச் சம்பளம். இந்திய அறிவியல் அகாதெமி இங்கேதான் இருக்கிறது. 1934-ல் ராமன் தொடங்கியது. அதன் ரெசொனன்ஸ் இதழ் 1996 முதல் மாணவர்களுக்காக வருகிறது. பிரிட்டனின் வேதியியல் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரிக்கும் இந்த ஊரில் அலுவலகம் உண்டு. ஆய்விதழ்களில் பதிப்பாசிரியர் வேலை இன்னொரு பாதை. அதற்கு முனைவர் பட்டம் கேட்பார்கள், அதனால் உங்கள் ஐந்து வருடம் வீண் இல்லை என்று கைடிடம் தைரியமாகச் சொல்லலாம். கெமிக்கல் அண்ட் இன்ஜினியரிங் நியூஸ், கெமிஸ்ட்ரி வேர்ல்ட் மாதிரி வெளிநாட்டு இதழ்களுக்கு வெளியிலிருந்து எழுதுவது கடைசி வழி. நான் அதைத்தான் செய்கிறேன். மூடிய கதவுகளும் உண்டு. அறிவியலை மக்களிடம் கொண்டுபோக மத்திய அரசு 1989-ல் தொடங்கிய விஞ்ஞான் பிரசாரை 2023-ல் மூடிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால், முதலில் தூக்கம் போகும். பெரிய இதழ்கள் பேப்பரை முன்கூட்டியே நிருபர்களுக்குக் கொடுத்து, இன்ன நேரம் வரை வெளியிடாதே என்று தடை வைக்கும். அதை எம்பார்கோ என்போம். நேச்சருக்கு லண்டன் நேரம் மாலை 4 மணி, நமக்கு இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. சயின்ஸுக்கு அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் பிற்பகல் 2 மணி, அதாவது நம் நள்ளிரவு. அதற்குள் பேப்பரைப் படித்து, எழுதியவரிடம் பேசி, அந்த ஆய்வில் சம்பந்தமே இல்லாத இன்னொரு வேதியியலாளரிடமும் கருத்துக் கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் இல்லாமல் நான் எதையும் அனுப்புவதில்லை. அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

மூன்றாவது வருடம். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒரு வினையூக்கி பற்றி ஒரு நிறுவனத்திலிருந்து செய்திக்குறிப்பு வந்தது. "98 சதவீதத் திறன்" என்று இருந்தது. நான் "கொடுக்கும் மின்சாரத்தில் 98 சதவீதம் ஹைட்ரஜனாக மாறுகிறது" என்று எழுதினேன். அச்சாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஓய்வு பெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவர் எழுதினார்: "அம்மா, எத்தனை வோல்ட் கொடுத்தார்கள்?"

பேப்பரை மறுபடி எடுத்துப் பார்த்தால், அது ஃபாரடே திறன். செய்திக்குறிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டிருந்தார்கள். பேப்பரில் இருந்தது, நான் கவனிக்கவில்லை. ஃபாரடே திறன் என்றால் உள்ளே போன 100 எலக்ட்ரானில் 98 ஹைட்ரஜன் உண்டாக்கப் பயன்பட்டன என்று பொருள். மெஜஸ்டிக்கில் பஸ் ஏறிய 100 பேரில் 98 பேர் யஷ்வந்த்பூரில் இறங்கிவிட்டார்கள். சரி, டீசல் எவ்வளவு எரிந்தது? அது வேறு கணக்கு. தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தபட்சம் 1.23 வோல்ட் தேவை. அவர்கள் 1.8 வோல்ட் கொடுத்திருந்தார்கள். 1.23-ஐ 1.8-ஆல் வகுத்து 98 சதவீதத்தால் பெருக்கினால் சுமார் 67 சதவீதம் வருகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் போன இடமே என் கட்டுரையில் இல்லை.

திருத்தம் போட்டோம். அந்தப் பொறியாளருக்கு நானே போன் செய்து நன்றி சொன்னேன். பட்டம் வாங்கியிருந்தும் அந்த ஒரு சொல்லைத் தேடாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. செய்திக்குறிப்பைப் படித்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேப்பரின் பின்னிணைப்பு வரைக்கும் போய் அந்த வோல்ட்டைத் தேடி எடுக்க வேதியியல் படித்த ஆள்தான் வேண்டும். பீன்யா அண்ணன் கேட்டாரே, அந்தக் கூட்டத்துக்குள் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று? இதைத்தான் செய்வீர்கள்.

---

கேஜிஎஃப்_பையன் எழுதியது:

நான் சாஃப்ட்வேர் ஆள், வேதியியல் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. ஒரு சந்தேகம். நல்ல நிருபர் என்றால் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதலாமே? அரசியல் எழுத அமைச்சராக இருந்திருக்க வேண்டுமா என்ன?

---

நீலலிட்மஸ் எழுதியது:

நியாயமான கேள்விதான். என்ன கேட்பது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? ஒரு உதாரணம்.

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 வந்தது நினைவிருக்கும். ஈயம், தாமிரம், பாஸ்பேட் சேர்ந்த ஒரு கருங்கல் மாதிரிப் பொருள். சாதாரண அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்துகிறது, அதாவது மீகடத்தி என்றார்கள். அவர்கள் அளவீட்டில் சுமார் 104 டிகிரி செல்சியஸில் மின்தடை சடாரென்று விழுந்தது. உலகமே அந்த வீழ்ச்சியைப் பார்த்து வாய் பிளந்தது. இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் பார்த்தது அந்த வெப்பநிலையை. தாமிர சல்பைடோடு பல காலம் புழங்கியவர் அவர். அது அதே வெப்பநிலையில்தான் ஒரு படிக அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் என்பது அவருக்கு அத்துப்படி. கொரியக் குழுவின் தயாரிப்பு முறையிலேயே தாமிர சல்பைடு உபரியாக உண்டாகிறது. பிறகு ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் கலப்படம் இல்லாத படிகத்தை வளர்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருந்தது. மின்சாரத்தையே கடத்தவில்லை. டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் செய்து பார்த்தபோதும் மீகடத்துத் திறன் தெரியவில்லை.

அந்த வாரம் எனக்குத் தெரிந்த வேதியியல் நிருபர்கள் கேட்ட முதல் கேள்வி, "துணைப்பொருள் என்ன?" என்பதுதான். லேபில் ஒரு வினையை முடித்துவிட்டுக் குடுவை அடியில் ஒட்டியிருக்கும் கறுப்பைப் பார்த்துப் பல நாள் நொந்தவர்களுக்கு அது தானாக வாயில் வரும்.

---

அல்சூர்_வாத்தியார் எழுதியது:

நீலலிட்மஸ் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. முப்பத்தாறு வருடம் வேதியியல் நடத்தியவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

2018 ஜூலையில் இதே ஊரில், ஐஐஎஸ்சியிலிருந்து ஒரு முன்பதிப்பு, அதாவது இதழில் வரும் முன்பே இணையத்தில் போடும் பேப்பர், வந்தது. தங்கத்துக்குள் வெள்ளி நானோ துகள்களைப் பதித்த பொருள் 236 கெல்வினில், அதாவது மைனஸ் 37 டிகிரியில் மீகடத்தி ஆகிறது என்றது. எங்கள் பழைய மாணவர் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. நம்ம ஊர், நம்ம கழகம் என்ற பெருமை. அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்த பிரையன் ஸ்கின்னர் என்ற இயற்பியலாளர்தான் ஒன்றைக் கவனித்தார். வெவ்வேறு காந்தப் புலத்தில் எடுத்த இரண்டு அளவீடுகள். அளவீடு என்றால் புள்ளிகள் மேலும் கீழும் கொஞ்சம் நடுங்கும், அந்த நடுக்கம் ஒவ்வொரு முறையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். இங்கே இரண்டிலும் அந்த நடுக்கம் அப்படியே ஒன்றுபோல இருந்தது. ஆசிரியர்கள் 2019-ல் கூடுதல் அளவீடுகளோடு விரிவான பதிப்பை வெளியிட்டார்கள். அந்த விவாதத்தின் முடிவுக்குள் நான் போகவில்லை. அந்த வரைபடத்தை நானும் பார்த்தேன், என் மாணவர்களும் பார்த்தார்கள். ஒருவர் கண்ணுக்கும் அது படவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

வேதியியலாளர் நிருபரானால் அந்த ஆபத்து உண்டு. தன் கைடின் கைடையும் பழைய லேப் நண்பனையும் எப்படிக் கேள்வி கேட்பார்? தங்கம் உரசும் கல் தங்கத்தின் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அதனால் வீழ்படிவு, உங்கள் துறையிலேயே உங்கள் நெருங்கிய வட்டத்தைப் பற்றி முதலில் எழுதாதீர்கள். எழுதினால் அந்த உறவை வாசகருக்குச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

---

மூட்டம் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. எங்கள் குடும்பம் பழ வியாபாரம். எனக்கு வேதியியல் தெரியாது, ஆனால் ஒரு செய்தி என்ன செய்யும் என்று தெரியும்.

என் சித்தப்பா மண்டியில் பழம் பழுக்கக் கார்பைடு கல் வைப்பதை நிறுத்திவிட்டு, கடன் வாங்கி எத்திலீன் வாயுவில் பழுக்க வைக்கும் அறை போட்டார். குளிர்பதன அறை, வாயு அளவு காட்டும் மீட்டர் எல்லாம் வைத்தது. கார்பைடுக்குத் தடை இருக்கிறது, எத்திலீனுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரைக்கும் அனுமதி கொடுத்திருக்கிறது என்று அதிகாரிகளே சொல்லித்தான் போட்டார். ஒரு மாம்பழ சீசனில் ஒரு டிவி சேனல்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். அன்று ராத்திரி செய்தி: "கெமிக்கல் வாயு செலுத்திப் பழுக்க வைக்கும் ரகசிய அறை". அறை வாசலில் பெயர்ப் பலகையே இருந்தது. மூன்று வாரம் வியாபாரம் படுத்துவிட்டது. சித்தப்பா அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

பிறகு தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு பழைய மாத இதழில் படித்தேன். பழம் பழுக்கும்போது தானே விடும் வாயுதான் எத்திலீன். பாட்டி அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்து வைப்பாரே, அந்த வாயு வெளியே போகாமல் இருக்கத்தான். வாழைத்தாருக்கு மூட்டம் போடும் புகையிலும் அதே எத்திலீன் இருக்கிறது. கார்பைடு கல் ஈரம் பட்டால் விடுவது அசிட்டிலீன், கூடவே பாஸ்பரஸ், ஆர்சனிக் சேர்ந்த நச்சு வாயுக்களும் கொஞ்சம் வரும். இரண்டும் ஒன்றில்லை. இதை நாலு வரியில் எழுத அந்தச் சேனலில் ஒருவர் இருந்திருந்தால் போதும்.

அக்கா, நீங்கள் இந்த வேலைக்குப் போங்கள். எங்களுக்கு வேண்டும்.

---

அல்சூர்_வாத்தியார் எழுதியது:

மூட்டம், மனசு கனத்துவிட்டது.

"கெமிக்கல்" என்ற சொல்லே தமிழில் "விஷம்" என்ற பொருளுக்கு வந்துவிட்டது. தண்ணீரும் வேதிப்பொருள்தான் என்று சொன்னால் வாதத்துக்குச் சொல்வதாக நினைக்கிறார்கள். இதற்கு நேர் எதிராக "மருந்து" என்ற சொல். பூச்சி மருந்து, வெடி மருந்து, இருமல் மருந்து எல்லாம் மருந்துதான். பூச்சி மருந்து அடித்துவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடுபவரைப் பார்த்திருக்கிறேன். மருந்து என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, பயமே இல்லை.

தமிழில் எழுதினால் இதையெல்லாம் பார்க்க வேண்டும். காரம் என்று எழுதினால் வாசகர் நாக்கில் மிளகாய் தெரியும். சோடியம் ஹைட்ராக்சைடு காரம், மிளகாயின் காரம் கேப்சைசின், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. நான் வகுப்பில் "சலவை சோடா வகை" என்று சொல்லிவிட்டுத்தான் காரம் என்ற சொல்லையே சொல்வேன். ஆனால் தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. ஆங்கிலத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் காய்கறி இரண்டுக்கும் ஒரே சொல், குழப்பம். நம்மிடம் கரிம வேதியியல் வேறு, இயற்கை வேளாண்மை வேறு. எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்.

---

பீன்யா_க்யூசி எழுதியது:

அளவைப் பற்றி ஒன்று. 1 பிபிஎம் என்றால் என்ன என்று எங்கள் புதுப் பையன்களுக்கு நான் சொல்வது: 50 லிட்டர் டிரம்மில் ஒரு சொட்டு. ஒரு பிபிபி என்றால் அதில் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 50,000 லிட்டருக்கு ஒரு சொட்டு. பெங்களூரில் வெயில் காலத்தில் வீட்டு வாசலுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் டேங்கர் நாலு நிறுத்தினால் கிட்டத்தட்ட அவ்வளவு. குடிநீரில் ஆர்சனிக் வரம்பு 10 பிபிபி. நாலு டேங்கருக்குப் பத்து சொட்டு. இப்படி எழுதினால் யாருக்கும் புரியும். எழுதுகிறவர்கள் இதைச் செய்ய மாட்டேன் என்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

---

கேஜிஎஃப்_பையன் எழுதியது:

அண்ணே, இது சூப்பர். எங்கள் வீடு வர்த்தூர் பக்கம். ஏரி நுரை ரோட்டுக்குப் பறந்து வந்து பைக் கண்ணாடியில் ஒட்டும். பாஸ்பேட்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பாஸ்பேட் ஆகாயத்தாமரையை வளர்க்கும், நுரை வருவது சோப்பிலும் சலவைத் தூளிலும் இருக்கும் நுரைப்பானால் என்று பிறகுதான் தெரிந்தது. மழை பெய்தால் நுரை ஏன் அதிகமாகிறது என்பதற்கு ஐஐஎஸ்சி ஆய்வாளர்கள் பெல்லந்தூர் ஏரியில் வேலை செய்து சொன்ன விளக்கமும் படித்தேன். கழிவு நீரில் வரும் நுரைப்பான் அடிச்சேற்றில் தங்கிவிடுகிறது. பெருமழை சேற்றைக் கலக்கி அதை மேலே கொண்டுவருகிறது. மதகில் விழும்போது காற்று புகுந்து நுரைக்கிறது. அதாவது இன்று சலவைத் தூளை நிறுத்தினாலும் நாளை நுரை நிற்காது, சேற்றை எடுக்க வேண்டும். இது தெரிந்த பிறகுதான் எங்கள் குடியிருப்போர் சங்கம் தூர் வாருவதைப் பற்றி மனு கொடுத்தது.

நிருபர் வேதியியலாளராக இருக்க வேண்டுமா என்ற கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்.

---

வீழ்படிவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூட்டம், உங்கள் சித்தப்பாவைப் பற்றி இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு சிறு பத்தி எழுதிப் பார்த்தேன். என் லேபிலேயே ஒரு சீனியர் செய்த வேலை பற்றியது. வாத்தியார் ஐயா சொன்னபடி உறவைச் சொல்லிவிடுகிறேன், அவர் எனக்கு லேப் அண்ணன். தயங்காமல் திருத்துங்கள்.

"தர்மபுரி மாவட்டக் கிணறுகளில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியும் தரும் இந்த நச்சை இனி கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். பெங்களூர் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு சாயம் ஃபுளூரைடு பட்டதும் மஞ்சளிலிருந்து நீலமாக மாறுகிறது. கிராம மக்கள் தங்கள் குடிநீரைத் தாங்களே சோதிக்க இது உதவும்."

அம்மாவின் ஊர் பென்னாகரம் பக்கம். அம்மா பல்லிலும் அந்தக் கறை இருக்கிறது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். இப்போது அங்கே ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. கிணறு மாட்டுக்கும் துணி துவைக்கவும்தான். அதனால்தான் இதை எடுத்தேன்.

---

நீலலிட்மஸ் எழுதியது:

நடை நன்றாக இருக்கிறது. இரண்டு கேள்வி மட்டும். நிறம் மாறுவது எவ்வளவு ஃபுளூரைடுக்கு? குடிநீரில் அதிகபட்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதைச் சுற்றித்தான் சாயம் வேலை செய்ய வேண்டும். இரண்டாவது, எந்தக் கரைப்பானில்?

---

வீழ்படிவு எழுதியது:

அக்கா, இரண்டாவது கேள்வியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. பின்னிணைப்பை எடுத்துப் பார்த்தேன். அசிட்டோநைட்ரைல், தண்ணீர் இல்லை, ஒரு கரிமக் கரைப்பான். ஃபுளூரைடு கொடுத்தது டெட்ராபியூட்டைல் அமோனியம் உப்பாக. தண்ணீர் 5 சதவீதம் வரைக்கும்தான் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். தண்ணீரில் ஃபுளூரைடைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சாயத்தோடு சேரவே விடாது. இந்த வகைச் சாயங்கள் பலவற்றுக்கும் இதே கஷ்டம் உண்டு. லேபில் ஐந்து வருடம் இருந்தும், "கிராம மக்கள்" என்று எழுதும்போது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. அம்மா முகம்தான் நினைவில் இருந்தது.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். கிணற்றுத் தண்ணீரில் செய்து பார்க்கவில்லை என்றார், மறைக்கவில்லை. "கொண்டு வா, பார்க்கலாம்" என்றார். அப்பா இந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறார். பாட்டி வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

---

பீன்யா_க்யூசி எழுதியது:

தங்கச்சி, கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஃபுளூரைடு கண்ணாடியோடு சும்மா இருக்காது. நல்ல பிளாஸ்டிக் பாட்டிலை அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டு, பிறகு கழுத்து வரைக்கும் நிரப்பச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த நேரம் எடுத்தது என்று ஒட்டி எழுதச் சொல்லுங்கள். சாயத்தை மட்டும் நம்பாமல் ஃபுளூரைடு மின்முனையிலும் அளந்துவிடுங்கள். ஃபுளூரைடை விடுவித்து வைக்கும் டிசாப் என்ற கரைசலைச் சேர்த்த பிறகு அளக்க வேண்டும், மறந்தால் தண்ணீரில் இருக்கும் அலுமினியமும் இரும்பும் ஃபுளூரைடைப் பிடித்துக்கொண்டு எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும். உங்கள் லேபில் மின்முனை இல்லை என்றால் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை எனக்குத் தெரிந்த இடத்தில் அளக்க ஏற்பாடு செய்கிறேன்.

---

வீழ்படிவு எழுதியது:

அப்பா வந்தார். பாட்டிலைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பக்கத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு, அவர் கையெழுத்தில்: "சனிக்கிழமை, காலை 6:10, மேற்கு மூலைக் கிணறு, 3 முறை அலசியது."

திங்கட்கிழமை அண்ணனும் நானும் சேர்ந்து செய்தோம். அசிட்டோநைட்ரைலில் சாயம் சொன்னபடி நீலமானது. கிணற்றுத் தண்ணீரை விட்டதும் மஞ்சளாகவே இருந்தது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம், மாறவில்லை. பீன்யா அண்ணன் சொன்னபடி டிசாப் சேர்த்து மின்முனையில் அளந்தோம். மூன்று முறை அளந்ததில் சராசரி 2.3 மில்லிகிராம்.

அண்ணனிடம் இதை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுது, என் பெயரையும் போடு. அடுத்து நாங்கள் செய்யப்போவது இதைத்தான்" என்றார். கைடும் படித்தார். ஒரு எண்ணைத் திருத்தினார், வேறொன்றும் சொல்லவில்லை. வெளியே போகும்போது மட்டும் "தமிழிலும் எழுதுவாயா? என் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்" என்று கேட்டார்.

புதுத் தொடக்கம் இது:

"பெங்களூரில் உருவான ஒரு சாயம் ஆய்வகக் குடுவையில் ஃபுளூரைடு பட்டால் நீலமாகிறது. பென்னாகரம் கிணற்றுத் தண்ணீரில் அது இன்னும் வேலை செய்யவில்லை. அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 2.3 மில்லிகிராம் ஃபுளூரைடு இருந்தது, குடிநீருக்கான அதிகபட்ச வரம்பைவிட அதிகம். சாயம் ஏன் அதைப் பார்க்கவில்லை என்பதற்கான காரணம் தண்ணீரிலேயே இருக்கிறது."

---

நீலலிட்மஸ் எழுதியது:

இதை அனுப்புங்கள். கிணறு ஒன்று, மாதிரி ஒன்று என்பதை மூன்றாவது வரியில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், உங்கள் லேபில் இல்லாத, ஃபுளூரைடில் வேலை செய்யும் ஒருவரிடம் பேச வேண்டும். எனக்குத் தெரிந்த இரண்டு பேரின் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு முன்னால் அழைத்தால் எடுப்பார்கள்.